கைராசி என்று ஒன்றும் இல்லை!

"நான் வச்சா எதுவும் வராதுங்க. எனக்குக் கைராசி இல்லை."

இந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆலங்குடியிலும் இதே பேச்சு, அறந்தாங்கியிலும் இதே பேச்சு. வாரச் சந்தையில் கத்தரி நாற்றுக் கட்டுக்கு விலை பேசும்போதுகூட, "விதை போட்டுப் பார்த்தேன், வரலை. நமக்குக் கைராசி கிடையாது" என்று கடைக்காரரிடம் ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கிறார்கள். பட்டம் படித்தவரும் சொல்கிறார், பரம்பரையாக நிலம் வைத்திருப்பவரும் சொல்கிறார். நாலு தக்காளி விதை முளைக்கவில்லை என்பதற்காகத் தன் கையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? விதைக்கு உங்கள் ராசியும் தெரியாது, ரேகையும் தெரியாது. அதற்கு வேண்டியது ஈரம், காற்று, இதமான சூடு. முளைத்து வெளியே வந்தபின் வெளிச்சம். இவை கிடைத்தால் யார் பாவினாலும் முளைக்கும். கிடைக்காவிட்டால் மகாராஜாவே வந்து பாவினாலும் மண்ணுக்குள் அழுகும்.

கைராசி இல்லை என்கிறவரிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்வி உண்டு. உங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டது யார்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத தெரு குறைவு. நார்த்தாமலையும் கொன்னையூரும் பங்குனியில் களைகட்டும் பெரிய கோயில்கள். அவற்றை விடுங்கள். பஸ் நிற்காத சின்ன ஊரின் காளியம்மனுக்கும் பிடாரிக்கும்கூடப் பெண்கள் முளைப்பாரி எடுக்கிறார்கள். காப்புக் கட்டியதும் மண்சட்டியில் வைக்கோலைப் பரப்பி, ஆட்டுப் புழுக்கைத் தூளும் மக்கிய சாணித் தூளும் இட்டு, ராத்திரி முழுக்க ஊறிய மொச்சை, தட்டாம்பயறு, பாசிப்பயறு, சோளம், கம்பு எல்லாவற்றையும் நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக எருப் போட்டு, வெளிச்சம் படாத அறையில் வைக்கிறார்கள். அன்றாடம் தண்ணீர் தெளிக்கிறார்கள். சட்டிகளைச் சுற்றிக் கும்மியடிக்கிறார்கள். திருவிழாவன்று கதவைத் திறந்தால் சட்டி விளிம்புக்கு மேலே மஞ்சளும் வெளிர்பச்சையுமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது பாரி. தலையில் சுமந்து ஊர்வலம் போய் ஊருணியில் கரைக்கிறார்கள்.

"அது ஆத்தா வளர்த்தது" என்பீர்கள். ஆத்தா வளர்த்ததாகவே இருக்கட்டும். தண்ணீர் தெளித்த கை யாருடையது? சொத்தை விதையைப் பொறுக்கி எறிந்த கை யாருடையது? எந்தத் தொழுவத்தில் பழைய எரு கிடைக்கும் என்று விசாரித்து அள்ளி வந்தது யார்? அந்த நாட்களில் ஒரு நாளும் நீங்கள் தவறவில்லை. குடத்தைக் கவிழ்க்காமல் கையால் தெளித்தீர்கள். முளைத்ததா என்று யாரையும் கிண்டிப் பார்க்க விடவில்லை. நாற்று வளர்ப்புக்குப் பயிற்சி முகாம் போட்டால் முதல் நாள் சொல்லித் தருவதும் இவ்வளவுதான்.

அதே நீங்கள் மாடியில் தக்காளி விதை போட்டபோது என்ன செய்தீர்கள்? ஒரு நாள் மறந்தீர்கள். மறுநாள் மறந்ததற்கும் சேர்த்து ஊற்றினீர்கள். மூன்றாம் நாள் விரலை விட்டுக் கிளறினீர்கள். நாலாம் நாள் தொட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கைராசியைத் திட்டினீர்கள். அங்கே பயபக்தி இருந்தது, இங்கே இல்லை. குறை அதில்தான். கையில் ஒரு குறையும் கிடையாது.

முளைப்பாரி போட்டவர் பாதிக் கிணறு தாண்டியவர். மீதிப் பாதியில்தான் இரண்டு இடத்தில் கால் இடறுகிறது. அந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, வேகம். பயறு வகைகள் அவசரக்காரர்கள். ஊறப்போட்டால் மறுநாளே முளை விடும், மூன்றாம் நாள் தலைகாட்டும். அந்தப் பழக்கத்தில் தக்காளியையும் மிளகாயையும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தக்காளிக்கு ஒரு வாரம் ஆகலாம். கத்தரிக்கு ஏழிலிருந்து பத்து நாள். மிளகாய் எட்டாம் நாளும் வரும், பன்னிரண்டாம் நாளும் வரும். நாலாம் நாள் கைவிடப்பட்ட தொட்டிகளில் எத்தனை மிளகாய் விதை உயிரோடு காய்ந்து போயிருக்கும்! நாம் தோற்றதாக நினைக்கிற பல இடங்களில் கெடு முடியவே இல்லை. பாதியில் எழுந்து போனது நாம்தான்.

இரண்டாவது, வெளிச்சம். முளைப்பாரி இருட்டில் வளர்வதால்தான் அத்தனை உயரம். வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீள்கிறது, பச்சையம் இல்லாமல் வெளிறுகிறது. மொச்சைக்குள் சேமித்த உணவு நிறைய இருப்பதால் அது ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். ஊருணியில் கரையப் போகிற பயிருக்கு அது போதும். தக்காளி விதையோ ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 300 இருக்கும். அவ்வளவு சின்ன விதைக்குள் எத்தனை நாள் சாப்பாடு இருக்க முடியும்? தலை வெளியே தெரிந்த அன்றே அதற்கு வெளிச்சம் வேண்டும். பலர் பாசம் மிகுந்து சமையலறை மூலையில், கட்டிலுக்கடியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்த நாற்று நெடுநெடுவென்று வளரும், பார்க்கப் பெருமையாக இருக்கும், முதல் காற்றுக்கே மடியும். காலை வெயில் படுகிற திண்ணை, கிழக்குப் பார்த்த மாடிச் சுவர், நிழல்வலைக்கு அடியில் ஒரு பலகை, இவை போதும்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கிற தமிழர்கள் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஆசைப்பட்டு, வெளியே பனி கிடக்கும்போதே வீட்டுக்குள் விளக்குப் போட்டு, தட்டுக்கு அடியில் சூடு கொடுக்கும் பாய் விரித்து நாற்று வளர்க்கிறார்கள். முளைப்பதற்கு 25 முதல் 30 டிகிரி சூடு வேண்டும் என்பதற்காக மின்சாரக் கட்டணம் கட்டுகிறார்கள். உங்களுக்கு அந்தச் சூடும் வெளிச்சமும் வாசலில் கொட்டிக் கிடக்கிறது. வெயிலைத் திட்டியே வயதை ஓட்டிய மாவட்டம் இது. ஒரு தடவையாவது அந்த வெயிலை வேலை வாங்குங்கள்!

"பத்து விதை போட்டேன், ஏழுதான் வந்தது" என்று சோர்ந்து உட்காருகிறவர்களும் உண்டு. விதைச் சான்றளிப்புக்கு இந்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத் திறன் தெரியுமா? தக்காளிக்கு 70 சதவீதம், கத்தரிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. சட்டமே நூற்றுக்கு முப்பது நாற்பது முளைக்காமல் போகலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. நீங்கள் மட்டும் பத்துக்குப் பத்து கேட்டு, ஏழு வந்ததற்கு அழுகிறீர்கள். ஏழு வந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்! இனிமேல் மூன்று விதை கூடுதலாகப் போடுங்கள், கணக்கு முடிந்தது. விதைமேலேயே சந்தேகமா? பத்து விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி, காயாமல் வைத்துப் பாருங்கள். ஆறேழு முளைத்தால் பாவலாம். இரண்டு மூன்றுதான் என்றால் பொட்டலத்தைத் தூக்கி எறியுங்கள். பழி பழைய விதையின் மேல், உங்கள் மேல் இல்லை.

எல்லாவற்றுக்கும் நாற்று விட வேண்டியதும் இல்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், வெங்காயம் ஆகியவற்றுக்கு நாற்று விட்டு நடுவதே முறை. வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி எல்லாம் நேரே ஊன்றும் சாதி. அவற்றைப் பிடுங்கி நட்டு வாட வைத்துவிட்டுக் கைராசியை இழுக்காதீர்கள்.

குழித்தட்டு இல்லையே என்கிறீர்களா? தென்னை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லக் கூடாது. உடைத்த தேங்காயில் கண் இருக்கிற பாதியை எடுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெல்லியது, ஆணியால் ஒரு குத்துக் குத்தினால் வடிகால் தயார். இரண்டு பங்கு அலசிய தென்னை நார்க் கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க் கழிவு ஈரம் பிடிக்குமே தவிர, அதில் சத்து கிடையாது. உரம் சேர்ப்பது அதற்காகத்தான். பிசைந்து பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதம் புட்டுக்கு மாவு பிசறிய கைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சிரட்டைக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். ஆழத்தில் புதைத்தால் சின்ன விதை மேலே வருவதற்குள் கையிருப்புத் தீர்ந்துவிடும். விதைத்தபின் பாலித்தீன் தாளால் மூடி நிழலில் வையுங்கள். முதல் முளை தெரிந்ததும் தாளை எடுத்துவிடுங்கள். சுற்றிலும் ஒரு கோடு மஞ்சள் தூள் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் விதையை எறும்பு இழுத்துப் போய்விடும், பழி மறுபடி கைராசிக்கு.

அந்த முதல் முளையை உட்கார்ந்து பாருங்கள். நிமிர்ந்து வராது. முதுகை வளைத்து, வளைந்த இடத்தால் மண்ணை முட்டித் திறந்துகொண்டு வரும். தலை அப்போதும் மண்ணுக்குள்தான் இருக்கும். வழி கிடைத்தபின்தான் தலையை உருவி எடுத்து, இரண்டு வித்திலையை விரிக்கும். சிலதில் விதைத்தோல் நுனியில் ஒட்டியிருக்கும். அவசரப்பட்டுப் பிய்க்காதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் இளகித் தானே விழும்.

இனி நம் ஆட்கள் அதிகம் தோற்கும் கட்டம் வருகிறது. சாயங்காலம் நன்றாக நின்ற நாற்று, காலையில் படுத்துக் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் போல மெலிந்து கருத்திருக்கும். அடுத்த நாள் பக்கத்து நாற்று, அதற்கடுத்த நாள் பாதித் தட்டு. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சுற்றிப்போடுவார்கள். அதன் பெயர் நாற்றழுகல். பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரும் அதன் கூட்டாளிகளும் செய்கிற வேலை. நெருக்கமான விதைப்பும், வடியாத ஈரமும், காற்றோட்டமில்லாத இடமும் அதற்கு விருந்து. வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற மருந்து டிரைக்கோடெர்மா விரிடி, கிலோ விதைக்கு 4 கிராம். வீட்டளவுக்கு ஒரு சிட்டிகையில் விதையைப் புரட்டினால் போதும். பஞ்சகவ்யா வைத்திருப்பவர்கள் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து இருபது நிமிடம் விதையை நனைக்கலாம். பெரிய மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது: தண்ணீரைக் காலையில் பூவாளியால் தெளியுங்கள், மேல்மண் காயும் வரை மறுபடி தொடாதீர்கள். செல்லம் கொடுத்துச் செத்த நாற்றுகளின் கணக்கு, தாகத்தில் செத்ததைவிட அதிகம் என்பேன்.

"இந்த மண்ணுல என்னங்க வரும்? செம்பொறை, பாறை, தைல மரக் காடு" என்று சலித்துக்கொள்பவர்களே, கீரனூர்ப் பக்கம் ஓடுகம்பட்டிக்கு ஒரு நடை போய்வாருங்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உழைத்த கொழிஞ்சிப் பண்ணை அங்கேதான் இருக்கிறது. திருவரங்குளம் தாண்டி வம்பனைப் பாருங்கள். அங்குள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட உளுந்து ரகங்கள் 'வம்பன்' என்ற பெயரோடுதான் தமிழ்நாடு முழுக்க வயலில் விழுகின்றன. ஊருக்கெல்லாம் விதை கொடுக்கிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு நாற்றுக்குச் சந்தையில் கையேந்துவதா?

சேந்தன்குடி 'மரம்' தங்கசாமியை மறந்துவிட்டீர்களா? கீரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். விவசாயத்தில் அடிபட்டுக் கடனில் மாட்டியவர். வானொலியில் மரம் வளர்ப்பு பற்றிக் கேட்ட ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு தேக்கு ஊன்றினார். பிறகு நிறுத்தவே இல்லை. நிலத்தையே காடாக்கி 'கற்பகச் சோலை' என்று பெயர் வைத்தார். கல்யாண வீட்டுக்கும் மரக்கன்றோடு போகிற மனிதர். நொடித்துப்போன அன்று "எனக்கு ராசி இல்லை" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டவுனுக்கு வேலைக்குப் போயிருந்தால், அவர் பெயருக்கு முன்னால் மரம் என்ற சொல் வந்து நின்றிருக்குமா?

அவர் 2018 செப்டம்பரில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வந்தது. ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன. முப்பது நாற்பது வருட உழைப்பு ஒரே ராத்திரியில் போனது. அந்தக் காற்று யார் கைராசியைப் பார்த்து வீசியது? பிறகு அதே மனிதர்கள்தான் மறுபடி குழி எடுத்தார்கள், கன்று வைத்தார்கள். பலாக்கொட்டையைக் காயவிட்டால் முளைப்புத் திறன் போய்விடும், சுளையிலிருந்து எடுத்த சூட்டோடு போட வேண்டும் என்பது அந்த ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். முறிந்த தோப்பைப் பார்த்த கண்ணோடு மறுபடி கன்று வைக்க அவர்களால் முடிந்தது. உங்கள் மாடியில் எட்டு மிளகாய் நாற்றுப் படுத்துவிட்டதற்கு ஒன்பதாவது விதை போட முடியாதா?

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1991-92இல் இதே மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரியில் வேலை பார்த்தவர்களும் அதில் உண்டு. "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்" என்று ஊர் சிரித்தது. முழங்காலில் தோல் உரிந்தது. உரிந்த காலோடு மறுநாளும் ஏறினார்கள். அந்தப் பெண்களின் மகள்களும் பேத்திகளும்தான் இன்று ஸ்கூட்டியில் நாற்றுக் கடைக்குப் போய் "எனக்கு வராதுங்க" என்கிறார்கள். அம்மா பட்ட காயத்துக்கு மரியாதை செய்யுங்கள். ஒரு தட்டு நாற்றைத் தனியாக வளர்த்துக் காட்டுங்கள்.

வளர்ந்த நாற்றைக் கெடுக்கிற கடைசி வாய்ப்பும் ஒன்று உண்டு. நிழலிலேயே சுகமாக வைத்திருந்து, நடும் நாளில் நேரே உச்சி வெயிலில் கொண்டுபோய் நிறுத்துவது. அது வாடாமல் என்ன செய்யும்? நடுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் வெயில், மறுநாள் இரண்டு, பிறகு அரை நாள். தண்டு தடிக்கும், இலை கரும்பச்சையாகும். தக்காளி 25 நாளில், கத்தரி 30 முதல் 35 நாளில், மிளகாய் 40 நாள் வாக்கில் நடவுக்குத் தயார். சாயங்காலமாக நடுங்கள். வேரோடு ஒட்டிய எருக்கட்டி உடையக் கூடாது.

பட்டம் தவறிவிட்டதே என்றும் நழுவாதீர்கள். ஆடி போனால் தை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் நாற்றுகளைக் கூரைக்கு அடியில், காற்று வருகிற இடத்தில் வையுங்கள். விதை வாங்கக் காசு இல்லை என்றும் சொல்ல முடியாது. நன்றாகப் பழுத்து மஞ்சளான நாட்டுக் கத்தரி ஒன்று, நாட்டுத் தக்காளி ஒன்று போதும். தக்காளி விதையை அதன் சாற்றோடு ஒரு நாள் புளிக்கவிட்டு, மேலே இருக்கும் வழவழப்பு போகக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். கலப்பின ரகத்தில் மட்டும் விதை எடுக்காதீர்கள், தாய்ச்செடி மாதிரி வராது.

இதை வாசித்து முடித்ததும் எழுந்திருங்கள். காலையில் துவையலுக்குத் தேங்காய் உடைத்தீர்களே, அந்தச் சிரட்டையை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பத்து விதையை எண்ணி இன்று ராத்திரியே ஈரத் துணியில் சுருட்டுங்கள். பாவிய நாளைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மிளகாய் போட்டிருந்தால் பன்னிரண்டாம் நாள் வரை மண்ணைக் கிளறாதீர்கள்.